கல்யாண வீட்டுக்குப் போய் முழுதாகத் திரும்புவது எப்படி?

நான் மதுரையில் மெய்ப்புப் பார்ப்பவள். புத்தகம் அச்சுக்குப் போகும் முன், ஒற்று விழுந்த இடம், விழ வேண்டிய இடம், வீணாக விழுந்த இடம் ஆகியவற்றைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவது என் பிழைப்பு. வயது 45. எனக்கு ஆட்டிசம் இருப்பது 39ஆவது வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன்பும் இருந்தது; குடும்பத்தில் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். திமிர் என்பது அத்தை வைத்த பெயர். ஊமைக்கோட்டான் என்பது சித்தப்பா வைத்தது. "அவள் ஒரு மாதிரி" என்பது பொதுப்பெயர்.

தமிழில் மதியிறுக்கம் என்றொரு சொல்லும் புழங்குகிறது. சொல்லை நிறுத்துப் பார்ப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன்: என் மதியில் இறுக்கம் ஏதும் இல்லை. இறுக்கமெல்லாம் ரவிக்கைக் கையில்தான். ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

"இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்க்கிறாய்?" என்று கேட்பவர்கள் உண்டு. வேலை சுலபம். எழுத்துகள் என் கன்னத்தைக் கிள்ளுவதில்லை. கஷ்டம் வருவது ஆவணியிலும் தையிலும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உறைக்குள். லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி இந்த நிலைக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து குழந்தைகளுக்கு எத்தனையோ கையேடுகள் வந்துவிட்டன. அந்தக் குழந்தைகள் வளர்வார்கள், அவர்களுக்கும் பத்திரிகை வைப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. கானர் எழுதியவர்களில் முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வங்கி வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, 2023இல் 89ஆவது வயதில் காலமானார். அந்த ஊரில் கெட்டிமேளம் கிடையாது. நமக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளவியலாளரிடம் என்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது அம்மாவும் வந்தார். சின்ன வயதில் நான் எப்படி விளையாடினேன் என்று கேட்டார்கள். "தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவாள். ஒன்றை நகர்த்தினால் அழுவாள். நல்ல பிள்ளை" என்றார் அம்மா. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்று கேட்டார்கள். "பார்க்க மாட்டாள், அவள் அப்பாவும் அப்படித்தான்." வித்தியாசமாக ஏதாவது செய்வாளா என்று கேட்டார்கள். அம்மா நன்றாக யோசித்துவிட்டு, "அப்படி ஒன்றும் இல்லை" என்றார். உளவியலாளர் அந்தப் பதிலை நெடுநேரம் எழுதிக்கொண்டே இருந்தார். இந்தக் கையேட்டில் உள்ள பாதி உத்திகள் அம்மாவோடு பேரம் பேசிப் பெற்றவை.

பத்திரிகை வந்த அன்றே

முதல் வேலை, பத்திரிகையில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது வேலை, அவற்றை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. இரண்டாவது மிகக் கடினம். 2024இல் என் அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். "நிகழும் மங்களகரமான குரோதி வருடம்" என்று அடித்திருந்தார்கள். அறுபது வருடங்களில் அது குரோதி வருடம்தான், பிழை இல்லை. ஆனால் கோபக்காரன் என்று பொருள்படும் பெயருக்கு முன்னால் மங்களகரமான என்று போட்டிருப்பதை எப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது? நான் விடவில்லை. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. நீங்கள் விட்டுவிடுங்கள். வாசலில் நிற்கும் பதாகையில் "வாழ்த்துக்கள்" என்று வல்லினம் மிகுந்து நின்றாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போய்விடுங்கள்.

பிறகு, எதற்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். நிச்சயம், மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம் என்று நான்கு வேளை கூப்பிடுவார்கள். நான்குக்கும் போகிறவர்களுக்கு அது மகிழ்ச்சி. எனக்கு மாதக் கடைசி மாதிரி. கையில் இருப்பது ஒரு வேளைக்குத்தான் காணும். முகூர்த்தத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கும். ஆறிலிருந்து ஏழரைக்குள் என்றால் ஏழரையைத் தாண்டாது. தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு புரோகிதரே இருக்கிறார். இப்படி நேரத்துக்குக் கட்டுப்பட்ட நிகழ்ச்சி நம் சமூகத்தில் வேறு எதுவும் இல்லை.

வரவேற்பைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். அந்தப் பெயரில் மெல்லிய இசைக்கு இடமே இல்லை. 2011இல் மாமா மகனின் வரவேற்புக்குப் போனேன். அப்போது எனக்கு ஆட்டிசம் என்ற சொல் தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் பொறுமை இல்லை என்று நினைத்திருந்தேன். ஒலிபெருக்கி, வீடியோக்காரரின் விளக்கு, சந்தனம், நூறு பேரின் பேச்சு. நாற்பது நிமிடத்தில் எனக்குள் ஃப்யூஸ் போய்விட்டது. எனக்கு அழுகையோ கத்தலோ வராது, பேச்சு நின்றுவிடும். கேட்பது புரியும், வாய் திறக்காது. எழுந்து போய் மண்டபத்துப் பின்புறம் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஜெனரேட்டரும் பெரிய சத்தம்தான். ஆனால் ஒரே சத்தம். அடுத்து என்ன வரும் என்று அது பயமுறுத்தாது. சுவரில் தலையைச் சாய்த்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தபோது அத்தை பார்த்துவிட்டார். இரவு பதினொரு மணிக்குள் எனக்குக் காதல் தோல்வி என்று தீர்மானமாகிவிட்டது. ஒரு மாதத்தில் அந்தப் பையனுக்குப் பெயரும் ஊரும்கூட வந்துவிட்டன. திண்டுக்கல்லாம். நான் அன்றுவரை திண்டுக்கல்லில் இறங்கியதே இல்லை.

முடிந்தால் முந்தின நாளே மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். காலியாக இருக்கும் மண்டபம் நல்ல இடம். எந்தக் கதவு எங்கே திறக்கிறது, ஒலிபெருக்கி எந்தத் தூணில் தொங்கும், சமையற்கட்டுக்குப் போகும் வழி எது, மொட்டைமாடிக்குப் பூட்டு உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். காவலாளி ஏன் என்று கேட்டால் பெண் வீடு என்று சொல்லுங்கள். பெண் வீட்டார் எதை வேண்டுமானாலும் பார்ப்பார்கள் என்பது காவலாளிகளுக்குத் தெரியும்.

பட்டும் பூவும்

பட்டுச்சேலையின் ஜரிகை என் இடுப்பில் உரசுவது, மீன் செதிலை யாரோ எதிர்த்திசையில் தேய்ப்பது போல இருக்கும். மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று முப்பத்தொன்பது வருடம் நம்பினேன். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றில் மிகையாகவோ குறைவாகவோ உணர்வது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், 2013இல்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் பட்டியலில் ஏறியது. அதுவரை என் இடுப்பு பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

"சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்குப் பருத்திச் சேலையா?" என்று அம்மா கேட்டார். பேரம் மூன்று வாரம் நடந்தது. முடிவு: சுங்குடி. மதுரைச் சுங்குடிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்ற தகவலை நான் கடைசி ஆயுதமாக எடுத்தேன். அரசாங்கமே மதித்த சேலை என்றதும் அம்மா இறங்கிவந்தார். சுங்குடியில் இன்னொரு லாபமும் உண்டு. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, முடிச்சை அவிழ்த்தால்தான் அந்தப் புள்ளிகள் வரும். அப்படிக் கையால் கட்டிய புதுச்சேலையில் ஒவ்வொரு புள்ளியும் மணல் பருக்கை அளவுக்குப் புடைத்திருக்கும். அச்சடித்த சேலையில் இது இருக்காது. முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் புள்ளி புள்ளியாகத் தடவிக்கொண்டு போனால் எனக்கு மூச்சு சீராகும். விரலால் எதையாவது செய்துகொண்டே இருப்பது எங்களில் பலருக்கும் உள்ள பழக்கம். மண்டபத்தில் பந்து வைத்து அமுக்கினால் பார்ப்பார்கள். சேலையைத் தடவினால், துணி நல்ல துணி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பூவுக்கு வருவோம். மதுரையில் பிறந்துவிட்டு மல்லிகை ஆகாது என்று சொல்வது கிட்டத்தட்ட ஊர்த்துரோகம். நான்கு முழம் மல்லிகை பின்தலையில் இருந்தால் அரை மணி நேரத்தில் எனக்குத் தலைவலி வந்துவிடும். விடை கனகாம்பரம். பார்க்கப் பூ, மோந்தால் ஒன்றும் இல்லை. மணமில்லாத மலர் என்று அதை மட்டம்தட்டிப் பேசுகிறவர்கள் எங்களைப் பற்றி யோசிக்கவில்லை. ரவிக்கையின் கழுத்துச் சீட்டை முந்தின நாளே தையலோடு பிரித்து எடுத்துவிடுங்கள். கத்தரித்தால் மிச்சம் நின்று குத்தும். கொலுசு வேண்டாம். அதன் சத்தம் உங்களையே பின்தொடர்ந்து வரும்.

ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் எல்லோருக்கும் பொது. வருபவர் போகிறவர் எல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நலம் விசாரிப்பார்கள். கையில் வேலை இருப்பவரை யாரும் தொடுவதில்லை.

தாம்பூலப் பை போடுவது நல்ல வேலை. ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, பாக்குப் பொட்டலம், மஞ்சள். நானூறு பை. சாமான் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தேங்காய்களைக் குடுமி ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கி வைத்துக்கொண்டு தொடங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. யாராவது உதவிக்கு வருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அவர்கள் மஞ்சளை மறப்பார்கள்.

அதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தது தற்செயலாக. எங்கள் பக்கத்தில் மொய் எழுதுவது பெரிய பொறுப்பு. எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் எழுதுகிறவர் சித்தப்பா. அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆனது. நான் எழுதுகிறேன் என்றேன். "பெண்பிள்ளை மொய் எழுதுவதா?" என்று பெரியப்பா ஆரம்பித்தார். "அவள் கணக்கில் ஒரு பைசா தவறாது" என்று அக்கா முடித்துவைத்தாள்.

மொய் மேசையின் அருமை வேறு யாருக்கும் தெரியாது. அங்கே பேச வேண்டியது மூன்றே கேள்விகள்: பெயர், ஊர், தொகை. அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பின்னால் வரிசை நிற்பதால் அவர்களும் நின்று பேச முடியாது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நோட்டைப் பார்த்துக் குனிந்திருப்பதுதான் அந்த நாற்காலிக்கு மரியாதை. எதிரே மேசை இருப்பதால் யாரும் கட்டிப்பிடிக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரைப் பார்த்து "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாத ஒரே இடம் உலகத்தில் அதுதான்.

நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, கோடு கிழித்து, வரிசை எண், பெயர், ஊர், தொகை என்று நான்கு பத்தி பிரித்தேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பணத்தை எண்ணிப் பையில் போட்டான். ஐந்நூற்று ஒன்று, செக்கானூரணி. ஆயிரத்து ஒன்று, திருமங்கலம். இருநூற்று ஒன்று, உசிலம்பட்டி. ஒரு தாளம் போலப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினேன். வந்தவர் கருப்பசாமி என்றார். கருப்பசாமியா, கருப்பச்சாமியா என்று கேட்டேன். அவர் விழித்தார். நடுவில் ஒற்று வருமா வராதா என்று விளக்கினேன். அவர் தம் வாழ்நாளில் முதல்முறையாகத் தம் பெயரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். வரிசை வாசல்வரை நீண்டது. அண்ணன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். ஒற்று இல்லாமல் எழுதினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

மேசையைப் போடும் இடம் முக்கியம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதை முந்தின நாள் காலி மண்டபத்திலேயே சொல்லி வைத்துவிட வேண்டும்.

"என்னைத் தெரிகிறதா?"

மேசையை விட்டு எழுந்தால் இந்தக் கேள்வி வரும். முகங்கள் என் மனதில் நிற்பதில்லை. நடை நிற்கும், குரல் நிற்கும், மீசை நிற்கும். அதனால்தான் மீசையை மழித்துக்கொண்டு வந்த என் சொந்தச் சித்தப்பாவிடம் "வாருங்கள், மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுவிட்டேன். ஊமைக்கோட்டான் என்ற பெயர் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

தெரியும் என்று பொய் சொன்னால், "யார், சொல் பார்க்கலாம்" என்று அடுத்த கேள்வி வரும். தெரியவில்லை என்றால் மனம் நோவார்கள். நான் இப்போது சொல்வது இது: "எனக்கு முகம் ஞாபகம் இருக்காது, குரலை மறக்க மாட்டேன். கொஞ்சம் பேசுங்கள்." பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுகிறார்கள். மற்ற இரண்டு பேர் எதைச் சொன்னாலும் நோகப்போகிறவர்கள்.

"எப்போது எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு போடப்போகிறாய்?" என்பது அடுத்தது. முன்பெல்லாம் இதற்கு உண்மையான பதிலைச் சொல்வேன்; காரணங்களை வரிசைப்படுத்திக்கூடச் சொல்வேன். கேள்வி பதிலுக்காகக் கேட்கப்படவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடமாயிற்று. இப்போது "எனக்கு இப்படியே நன்றாக இருக்கிறது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய எந்த உறவினரிடமும் இது பலிக்கும். முட்டிவலி சராசரியாக ஏழு நிமிடம் ஓடும். நான் கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆட்டிசத்தைப் பற்றி மண்டபத்தில் விளக்க வேண்டாம். நான் ஒருமுறை விளக்கினேன். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலேயே ஆட்டிசம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளிலும் அது ஒன்று என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, அந்த 21ஐயும் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினேன். மாமா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்பதாவதில் இடைமறித்து, குரலைத் தாழ்த்தி, "இது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அது என் கல்யாணமே இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் திணறுகிறார்கள். அந்தத் திணறல் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம் என்பது அதன் சாரம். அதைப் படித்தபோது எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தார். நாற்பது வருடமாக என்னைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் அத்தையை யாரும் ஒருநாளும் பரிசோதனைக்குக் கூட்டிப்போனதில்லை.

மேளம்

நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கும் திறந்த வெளிக்கும் உரியவை. அவற்றைக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் அடைத்து, போதாததற்கு ஒலிவாங்கியும் வைத்துவிட்டு, காதைப் பொத்துகிறவளுக்குக் குறைபாடு என்கிறார்கள்.

மருந்துக்கடையில் நுரை அடைப்பான் கிடைக்கும். அப்படியே காதில் திணித்தால் பயனில்லை. விரலால் உருட்டிச் சன்னமாக்கி, காதின் மேல்நுனியை மற்றொரு கையால் மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். கூந்தலைக் காது மறையச் சீவினால் யாருக்கும் தெரியாது. எந்நேரமும் போட்டிருக்க வேண்டாம். புரோகிதரின் கையைக் கவனியுங்கள். தாலி கட்டும் நேரத்தில் அபசகுனமாகத் தும்மலோ வேண்டாத சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் என்பார்கள்; அதற்கு அவர் கையை உயர்த்திச் சைகை காட்டுவார். அட்சதை கைக்கு வந்துவிட்டால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம்தான். அப்போது அடைத்துக்கொள்ளலாம்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி எனக்குத் தெரியவந்தது தவில்காரரிடம். முகூர்த்தத்துக்கு முன் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டிருந்தார். துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்து இறுக்கியவை, கல் போல இருக்கும். வணக்கம்கூடச் சொல்லாமல் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவரும் வணக்கத்தை எதிர்பார்க்கவில்லை. இடக்கைக் குச்சி எந்த மரம், வலந்தலைத் தோலை எவ்வளவு இழுத்துக் கட்ட வேண்டும், மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று பதினைந்து நிமிடம் பேசினார். ஒரு கூட்டைக் கழற்றி என் விரலில் மாட்டிவிட்டார். பெரிதாக இருந்தது. விரலை மேசையில் தட்டிப் பார்த்தேன்; சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. அன்று கெட்டிமேளம் முழங்கியபோது வலித்தது, ஆனால் பயம் இல்லை. அவருடைய நான்கு விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன்.

இலை

வாழையிலையைப் போல எங்களுக்குத் தோதான தட்டு வேறில்லை. நுனி இடப்பக்கம், தொடுகறிகள் மேல்பாதி, சோறு கீழ்பாதி, ஒவ்வொன்றுக்கும் பட்டா போட்ட இடம். நடு நரம்பு எல்லைச்சுவர். ஒரு பண்டம் இன்னொன்றைத் தொடக்கூடாது என்று நினைக்கும் எவரோதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ரசம் மட்டும் எல்லை தாண்டும். அதற்குச் சோற்றில் குழி செய்து கரை கட்டிவிடுங்கள்.

பரிமாறுபவரிடம் "போதும்" என்று வாயால் சொல்லிப் பயனில்லை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் "இன்னும் இரண்டு கரண்டி வை" என்று பொருள். இலைமேல் கையைக் குறுக்கே நீட்டுங்கள். இரண்டாம் பந்தியைத் தவிருங்கள். நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்து நின்று நீங்கள் விழுங்குவதை எண்ணிக்கொண்டிருப்பார். முதல் பந்தி அல்லது கடைசிப் பந்தி. எனக்குப் பசியும் தாகமும் நேரத்துக்குத் தெரியாது, மயக்கம் வரும்போதுதான் தெரியும் என்பதால் கைபேசியில் மணி வைத்துக்கொள்கிறேன். எட்டு மணிக்கு அது அடித்தால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

கிளம்புதல்

எனக்கு ஆறு வயதில் நடந்ததை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். புறப்படும்போது "போய்விட்டு வருகிறேன் என்று சொல்" என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். சொன்னேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாயை விரித்த பிறகு, நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கே என்று அப்பா கேட்டார். "பெரியம்மா வீட்டுக்கு. வருகிறேன் என்று சொன்னேனே." அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் என்னை வைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, பெரியம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பெரியம்மா கதவைத் திறந்தார். "வந்துவிட்டேன்" என்றேன். திரும்பி வந்தோம். அவள் அப்பாவும் அப்படித்தான் என்று அம்மா சொன்னதில் பிழை இல்லை.

கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவது ஒன்றரை மணி நேர வேலை. ஒருவரிடம் சொன்னால் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும், பத்தாவது ஆள், "அதற்குள்ளாகவா, காபி குடித்தாயா?" என்று முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு பேரிடம் மட்டும் சொல்லுங்கள்: பத்திரிகை வைத்தவர், மணமக்களில் உங்கள் பக்கத்து ஆள். மற்றவர்கள் நீங்கள் சமையற்கட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும். மண்டப வேனுக்குக் காத்திருக்க வேண்டாம். "இதோ கிளம்பிவிட்டோம்" என்றால் இன்னும் யாரோ பூ வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஆட்டோவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒன்பது மணிக்கு வாசலில் ஆட்டோ நிற்பதைவிட நல்ல காரணம் எதுவும் கிடையாது.

அன்று மொய் நோட்டை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு மேடைக்குப் போனேன். அக்கா மகள் வேர்த்து, மாலைக் கனத்தில் கழுத்தைச் சாய்த்து நின்றிருந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அவளுக்குத் தெரியும். சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள், நானும் நீட்டினேன்.

"போய்விட்டு வருகிறேன்" என்றேன்.

"சித்தி, வர வேண்டாம். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்" என்றாள்.

மறுநாள்

மறுநாளுக்கு விடுப்பைப் பத்திரிகை வந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணம் என்ற இடத்தில் உறவினர் திருமணம் என்றே எழுதலாம். அது பொய் இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, பழைய நைட்டியில், மின்விசிறியை இரண்டில் வைத்து, பேசாமல் கிடக்க வேண்டும். எனக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். தயிர்சோறு, மூன்று வேளையும். அம்மா கதவைத் தட்டாமல் கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டுப் போவார். நானூறு பை போட்டதில் விரல்களில் மஞ்சள் கறை இரண்டு நாள் இருக்கும். கைபேசியை அணைத்துவிடுங்கள்.

நான் அணைக்க மறந்துவிட்டேன். மாலை நான்கு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். மொய்க் கணக்கில் ஒரு ரூபாய் உதைக்கிறதாம். பெரியப்பாவும் அண்ணனும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டார்களாம். "அதற்குத்தான் பெண்பிள்ளை வேண்டாம் என்றேன்" என்று பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது.

"பதினேழாம் பக்கம், வரிசை எண் 204" என்றேன். "ஐந்நூற்று ஒன்று என்று எழுதச் சொன்னார். ஒரு ரூபாய் நாணயம் இல்லை, பிறகு தருகிறேன் என்றார். தரவில்லை. ஓரத்தில் பென்சிலில் குறித்திருக்கிறேன், பார்."

தாள் புரளும் சத்தம் கேட்டது.